இந்துவின் மாவுக்கட்டு

அந்த ஒரு சொல்லைக் கனிஷ்கா வாய்க்குள்ளேயே விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லையே!

மலையூரான கேத்தியின் பள்ளி மைதானத்தில் கோகோ ஆட்டம். "இன்னைக்கு நான் வரல புள்ள, கை வலிக்குது," என்றாள் அவள் தோழி இந்து.

"ஆரம்பிச்சுட்டாடா நடிகை! ஓடறதுக்குச் சோம்பல்," என்றாள் கனிஷ்கா.

எல்லோரும் சிரித்தார்கள். இந்து வந்து வரிசையில் உட்கார்ந்தாள்.

கனிஷ்கா அவள் முதுகில் தட்டி, "கோ!" என்றாள். எழுந்து ஓடிய இந்து ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தாள். சின்ன விழுதல்தான். ஆனால் கை முறிந்துவிட்டது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கை எலும்புக்குள் ஒரு நீர்க்கட்டி! அது கெட்ட கட்டி இல்லை. ஆனால் எலும்பை முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக்கி வைத்திருந்தது. டாக்டர் கட்டியைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியில் எலும்புத் துணுக்குகளை நிரப்பினார். மேலே மாவுக்கட்டும் போட்டார்.

இந்து ஊர் திரும்பிய மறுநாள் கனிஷ்கா பார்க்கப் போனாள்.

வாசலில் கேரட் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார் இந்துவின் அம்மா ரேணுகா. "வா கண்ணு! எதையும் மனசுல வெச்சுக்காத. விழாட்டி இந்தக் கட்டி இருக்கறதே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டரே சொன்னாரு. எம்புள்ளயப் பாரு, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல!"

கனிஷ்காவுக்குச் சுருக்கென்றது.

உள்ளே இந்து கம்பளிக்குள் கையை மறைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லையே." சொல்லும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கையைக் காட்டு புள்ள."

"எதுக்கு? மறுபடியும் நடிகைன்னு சொல்லவா?"

கனிஷ்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்புப் பண்ணிட்டேன் இந்து. அன்னைக்கு உனக்கு நெசமாவே வலிச்சிருக்கு. நான்தான் நம்பல. இப்ப நம்பறேன். காட்டு."

கம்பளி மெல்ல விலகியது. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, நீலம் பாரித்திருந்தன.

"காலையிலிருந்து மரத்துப்போச்சு," என்று இந்து விசும்பினாள்.

"அத்தை! ஓடி வாங்க!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள் கனிஷ்கா.

பக்கத்து வீட்டுப் பிக்கப் வண்டியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். டாக்டர் இறுகிப்போயிருந்த மாவுக்கட்டைப் பிரித்துத் தளர்த்திக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் ஓடி விரல்கள் சிவந்தன.

"நல்லவேளை, இப்பவே வந்தீங்க," என்றார் டாக்டர். "ஏன் பாப்பா, வலிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா?"

தலையைக் குனிந்துகொண்டது கனிஷ்காதான்.

திரும்பும்போது மலைப் பாதையில் வண்டி குலுங்கியது.

"வலிக்குது புள்ள," என்றாள் இந்து.

"என் மேல சாஞ்சுக்கோ."

அடுத்த வளைவு வந்தது. "இப்பவும் வலிக்குது."

"சாஞ்சுக்கோ."

இன்னொரு வளைவு. இந்து கண்ணைச் சிமிட்டினாள். "இது மட்டும் நடிப்பு!"

கனிஷ்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பரவால்ல, சாஞ்சுக்கோ."