அக்காவுக்கு வராத நாற்றம்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சமையலறை வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையைச் சட்டென்று இறக்கி, முன்நெற்றி முடியை ஒதுக்குவதுபோல் பாவனை செய்தாள். ஏழு வயதுக்கு அந்த நடிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

சின்ன விஷயம். ஆனாலும் அம்மாவுக்கு உறுத்தியது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பது அவள் வேலை. "ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறவளுக்கு மூக்கு இல்ல, நல்ல கூத்துடி!" என்று அக்கா கிண்டல் செய்வாள். கணவன் மாதக்கணக்கில் வெளியூர் வேலையில் இருந்தான். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் கசிந்ததுகூடத் தெரியாமல் இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டதும் மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கியவள் அக்காதான். "இனிமே உன் மூக்கு நான்" என்றாள். பக்கத்து வீட்டில் துணி தீய்ந்தால் இங்கே தும்முகிற மூக்கு அது. அவள் வந்த பிறகுதான் இவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. காலையில் இவளே திறந்து வைத்த சமையலறை ஜன்னலும்கூடக் கொக்கி போட்டு இறுக்கியிருந்தது. மகளோ சாரல் அடிக்கிற பால்கனியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, நனைந்த நோட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்து எழுதேன்டா."

"இங்கயே நல்லாயிருக்கும்மா."

அக்கா தலைவலி என்று அறையில் படுத்திருந்தாள். இவள் சமையலறையில் நின்றபடியே குரல் கொடுத்தாள். "அக்கா, ஏதாச்சும் நாத்தம் வருதா?"

"ஒண்ணுமில்லடி."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து லைட்டரைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றாள். குழாய் கேஸ் இணைப்புக் கொடுக்க வந்த மெக்கானிக், இவளுக்கு மோப்பம் கிடையாது என்று கேட்டதும் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: சந்தேகமாக இருந்தால் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக் குழாய் இணைப்பில் தடவிப் பாருங்கம்மா. அக்கா இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்று அவள் ஒருநாளும் செய்ததில்லை. லைட்டரை மெல்லக் கீழே வைத்தாள். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, மேடைக்கு அடியில் மண்டியிட்டு, சுவரிலிருந்து அடுப்புக்குக் குழாய் பிரியும் இடத்தில் விரலால் தடவினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி. கடுகளவு இருந்தது மிளகளவு ஆகி, சுண்டைக்காய் அளவுக்கு உப்பி, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. அப்புறம் கொத்தாக, வரிசையாக, யாரோ அந்தப் பக்கமிருந்து நிதானமாக ஊதுவதுபோல் நுரை வளர்ந்துகொண்டே வந்தது. நட்டின் விளிம்பில் புதிதாகச் சுரண்டிய பளபளப்பு. ஸ்பேனர் போட்ட தடம்.

குழாய் வால்வை மூடக் கையை நீட்டினாள். கைப்பிடி இல்லை. கழற்றப்பட்டிருந்தது.

சமையலறையில் இருட்டு. கை தானாக ஸ்விட்சை நோக்கிப் போனது. தீயில் பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். ஒரு பொறி போதும். மூலையில் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியதும் அவளுக்கு முதுகு சில்லிட்டது. அதைத் தொடக்கூடாது. எதையும் தொடக்கூடாது. ஜன்னல் கொக்கியை மட்டும் விலக்கிக் கதவைத் தள்ளினாள். கூடத்து ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"அக்கா! கேஸ் கசியுது. எழுந்து வா!"

அக்காவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. துண்டு. நனைத்துப் பிழிந்து, உள்பக்கமிருந்து இடைவெளி விடாமல் திணித்த துண்டு.

இவளுக்குப் புரிந்தது. நாற்றம் உள்ளே வராமல் அடைத்திருக்கிறாள். அப்படியானால் நாற்றம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒண்ணுமில்லடி என்றிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்த கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறாள்; தன் வீட்டு வேலி மேயும் என்று நினைத்ததில்லை.

"அக்கா..."

"நீ போய் விளக்கப் போடுடி." துணியால் பொத்திய குரல். கனிவான குரல். "இருட்டிருச்சுல்ல."

கதவைத் திறக்கப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள். இரண்டு முறை தள்ளினாள், அழுதுகொண்டே. பிறகு பால்கனிக்கு ஓடினாள். மகளைத் தூக்கிக்கொண்டாள். வாசல் கதவை அகலத் திறந்து போட்டாள். லிஃப்ட் வேண்டாம். படி.

"உனக்கு நாத்தம் வந்துச்சாடா?"

மகள் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பெரியம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. விளையாட்டாம். நீயே கண்டுபிடிக்கணுமாம்."

ஓடினாள். கீழ் வீடுகளில் காலிங்பெல்லைத் தொடாமல் கையால் இடித்தாள். "கேஸ்! வெளிய வாங்க! ஸ்விட்ச தொடாதீங்க!" கதவுகள் திறந்தன. செருப்பில்லாத கால்கள் படிகளில் தடதடத்தன.

தெருமுனை வரை போய், மழையில் நின்று, போனை எடுத்தாள். கேஸ் அவசர உதவி எண். விலாசம் சொன்னாள். வால்வு மூட முடியவில்லை என்றாள்.

"நீங்க வெளிய வந்துட்டீங்கல்ல? திரும்ப உள்ள போயிடாதீங்கம்மா. ஆளுங்க கிளம்பியாச்சு. உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"எங்க அக்கா." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். "கூப்பிட்டேன். வரல."

"சரிம்மா, பயப்படாதீங்க. நாத்தம் எத்தனை நாளா வருது?"

அவளுக்குத் தெரியாது. தெரிந்தது மகளுக்குத்தான். குனிந்தாள். "எத்தனை நாளாடா? சொல்லு. அம்மா திட்ட மாட்டேன்."

மகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மாடி. அவள் திறந்து வைத்த கூடத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. அவசரமில்லாமல். கடைசி ஜன்னலில் அக்கா. மூக்கைச் சுற்றி ஈரத்துணி. இவளைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள். துணியை மெதுவாகக் கீழே இறக்கினாள். சிரித்தாள். உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

அம்மாவின் கையைப் பிடித்தபடியே, மகளும் தன் சின்ன விரலைத் தூக்கி உதட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.