பாதி மடங்கிய முழங்கால்

பொற்கொடியின் முழங்காலை பிசியோதெரபிஸ்ட் ஜெபராஜ் மெல்ல மடக்கினார். அலறியது அவர்தான்.

"போதும்மா, போதும்!" அவள் காலை மெத்தையில் விட்டுவிட்டு, தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் மணிக்கட்டில் இருந்த பட்டைக்கு நோவேந்தி என்று பெயர். அவள் தொடையில் ஒட்டிய வில்லை நரம்பில் ஓடும் வலியைப் படித்து அந்தப் பட்டைக்கு அனுப்பும். அவள் உணர்வதை அவரும் அப்படியே உணர்வார். வலிக்கிறது என்று சொல்பவர்களை மருத்துவர்கள் நம்பாத காலத்துக்கு அது முடிவு கட்டியிருந்தது. பட்டை இல்லாமல் நோயாளியைத் தொடுவது இப்போது குற்றம்.

"இதோட எப்படிம்மா வெயிட் தூக்குறே?"

"தூக்க முடியலைன்னுதானே சார் வந்திருக்கேன்."

பளுதூக்கும் மாநில அணித் தேர்வு அடுத்த மாதம். எடை மாட்டிய பாரைத் தலைக்கு மேல் நிறுத்த வேண்டுமானால் முதலில் அதன் அடியில் முழுதாகக் குந்த வேண்டும். அவள் முழங்கால் பாதிதான் மடங்கியது. இதற்குமுன் பார்த்த இரண்டு பிசியோதெரபிஸ்டுகளும் இதே இடத்தில் அலறி நிறுத்தியிருந்தார்கள்.

அவள் ஒருத்திக்கு மட்டுமல்ல. வேலூரில் முழங்கால் சிகிச்சைக்குப் போன எவருக்கும் கால் முழுதாக மடங்கியதில்லை. அடுத்தவர் வலியைச் சுமப்பவர் அதை எவ்வளவு நேரம் சுமப்பார்? நாற்காலிகள் உயர்ந்துவிட்டன. பேருந்துப் படிகள் தரைக்கு இறங்கிவிட்டன. பந்தியில் தரையில் உட்காருபவர்களே இல்லை. ஊர் பாதிக் காலோடு வாழப் பழகிவிட்டது.

"நீயும் பழகிக்கம்மா," என்றார் ஜெபராஜ். காலையிலிருந்து ஒன்பது பேருடைய மூட்டுவலி அவர் உடம்பில் ஏறி இறங்கியிருந்தது. ஒரு குறையும் இல்லாத கால்களை இழுத்து இழுத்துத்தான் வீட்டுக்குப் போவார்.

"அதைக் கழட்டிடுங்க சார்."

"என்னது?"

"அந்தப் பட்டையை. என் வலி எனக்கே இருக்கட்டும். நீங்க மடக்குங்க."

"லைசென்ஸ் போயிடும்மா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு முப்பத்தோரு வயசு. இன்னொரு தேர்வுக்குக் கூப்பிட மாட்டாங்க சார்."

அவர் கதவைப் பார்த்தார். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருபது வருடங்களில் முதல்முறையாக, ஒரு நோயாளி எதிரில் இருக்கும்போது அவர் உடம்பில் அவர் மட்டும் இருந்தார். அந்த அமைதியிலேயே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

அவள் காலைப் பிடித்து மடக்கினார். பழைய இடத்தைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனது. உள்ளே ஏதோ இறுகித் தடுத்தது. நின்றார்.

இறுகிய தசை இளகும்போதும் வலிக்கும், தசைநார் கிழியும்போதும் வலிக்கும். முதலாவது என்றால் அழுத்த வேண்டும், இரண்டாவது என்றால் உடனே விட வேண்டும். பட்டை இருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்தார். அது சலனமில்லாமல் இருந்தது. அவள் தலைமுறையில் யாரும் முகத்தைச் சுளித்து வலியைக் காட்ட வேண்டியிருந்ததில்லை.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"எப்படி வலிக்குது?"

அந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. பால்குடிக் காலத்தில் அம்மா பட்டை கட்டியிருந்தாள், பிறகு பயிற்சியாளர் கட்டியிருந்தார். சொல்லத் தேவையே வரவில்லை. வார்த்தை தேடினாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"ஈரத் துணியைப் பிழியுற மாதிரி இருக்கு சார்." பிறகு தயங்கி, "அது நல்லதா, கெட்டதா?" என்றாள்.

அந்த ஊரின் எத்தனையோ முழங்கால்வலிகளை ஜெபராஜ் தன் உடம்பில் அனுபவித்திருந்தார். எதையும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"தெரியலையேம்மா," என்றார்.

அவள் கால் அவர் கையில் அப்படியே இருந்தது. மேலும் மடக்கவும் துணிவில்லை, விட்டுவிடவும் மனமில்லை.