ஏரி மூன்று பாகை சாய்ந்தது

காலை ஏழரைக்கு வந்த பணி ஆணையைப் பவளக்கொடி இரண்டு முறை படித்தாள். ‘தேன்கொம்பை ஏரி வடக்குப் பக்கமாக மூன்று பாகை சாய்ந்துள்ளது. மட்டப்படுத்தப் பழுதாள்கள் புறப்பட்டுவிட்டன.’

பேரூராட்சிப் பொறியாளராக அவளுக்கு இது பன்னிரண்டாவது வருடம். சுவர் சாய்ந்து பார்த்திருக்கிறாள், விளக்குக் கம்பம் சாய்ந்து பார்த்திருக்கிறாள். தண்ணீர் சாய்ந்து பார்த்ததில்லை.

ஆணை நகர்க்கண்ணிடமிருந்து வந்திருந்தது. மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எடுத்துப் பொதுவில் போடுகிற படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற கணினி அது. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் தின்கிற படத்தில், பின்னால் எங்கோ உடைந்த குழாய் தெரிந்தால் போதும், மறுநாள் விடிவதற்குள் குழாய் சரியாகிவிடும். மனு கொடுப்பதும் புகார் எழுதுவதும் ஊரில் வழக்கொழிந்து ஒன்பது வருடமாகிறது. வேலையைச் செய்வது ஆறு கால் வைத்த பழுதாள்கள். அவற்றுக்குக் கண் கிடையாது. ஊரைப் பார்ப்பதற்குத்தான் ஒரு பெரிய கண் இருக்கிறதே என்று வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

அவள் ஏரிக்குப் போனபோது இருபது பழுதாள்கள் வடகரையில் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் எப்போதும் போல மட்டமாகக் கிடந்தது. படகோட்டி ராசுக்காளை கரையில் நின்று, ஏரியைத் தூர்க்கப் போகிறார்களா என்று கேட்டான். இல்லை, நிமிர்த்தப் போகிறார்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கைப்பலகையைத் திறந்து ஆதாரம் கேட்டாள். நகர்க்கண் நாற்பத்தோராயிரம் படங்களைக் காட்டியது. எல்லாம் மேற்கே காட்சிக் குன்றிலிருந்து எடுத்தவை. முன்னால் பார்வைக் கோபுரம், தூரத்தில் ஏரி. கோபுரம் ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஏரி, தட்டில் ஊற்றிய ரசம் ஒரு பக்கம் ஒதுங்கியது போல, இடது பக்கம் தாழ்ந்து கிடந்தது. ஒன்றிரண்டில் அல்ல, அத்தனை படங்களிலும்.

பவளக்கொடி வண்டியைக் குன்றுக்கு விட்டாள்.

கோபுரத்தின் தெற்கே, அடியிலேயே இர்ஃபான் பாயின் படச்சீர் கடை. ஐம்பது வயது, சந்தன நிறச் சட்டை, பேச்சில் வாத்தியார் மிடுக்கு. வருகிறவர்களின் படங்களை அழகாக்கிக் கொடுப்பார், அவர்களே செய்துகொள்ளவும் சொல்லிக்கொடுப்பார். ‘ஐந்து விரல் பாடம்’ என்று அதற்குப் பெயர். அன்றைக்கு நாகர்கோவிலிலிருந்து வந்த புதுமணத் தம்பதிக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கட்டைவிரல்: படத்தை நேராக்கு. ஆள்காட்டி விரல்: வேண்டாத ஓரத்தை வெட்டு. நடுவிரல்: முகத்தில் விழுந்த நிழலைத் திற. மோதிர விரல்: நிறத்தைக் கூட்டு, ஆசைப்பட்டதில் பாதி மட்டும். சுண்டு விரல்: கண்ணை உறுத்துவதை அழி.

மாப்பிள்ளை, எதை வைத்து நேராக்குவது என்று கேட்டான். மலையில் எல்லாமே மேடு பள்ளம்தானே?

“அதுக்குத்தான் கோபுரம் இருக்கு தம்பி. அதை நிமித்தி வச்சிட்டீங்கன்னா படம் தன்னால நேராயிரும். இங்க வர்ற எல்லாருக்கும் நான் சொல்றது இதான்,” என்றார் இர்ஃபான்.

பவளக்கொடிக்குச் சுரீரென்றது. வண்டியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் மேலே ஏறினாள். தெற்குச் சுவரையொட்டி நூலை இறக்கினாள். குண்டு தரையைத் தொட்டபோது சுவரிலிருந்து ஓர் ஆள் நீளம் விலகி நின்றது. அடிவாரத்தில் சிமென்டுத் தரை விரிந்து, கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. போன மழையில் அடிமண் இறங்கியிருக்கிறது. சாய்ந்தது ஏரி அல்ல. கோபுரம், மூன்று பாகை, நேராக இர்ஃபானின் கடையைப் பார்த்து.

கீழே வந்து அவரிடம் சொன்னாள். அவர் கடையையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

தென்மேற்குப் பருவமழைக்குப் பத்து நாள் இருந்தது. பவளக்கொடி அன்றே அறிக்கை அனுப்பினாள். நகர்க்கண் பதில் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டது: ‘கோபுரம் சாய்ந்ததாகக் கூறுபவர் ஒருவர். நேராக நிற்பதைக் காட்டும் படங்கள் 41,216. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.’ மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கண் பார்த்துச் சொல்லிவிட்டதே, அதற்கு மேல் நாங்கள் என்ன பார்ப்பது என்று கேட்டார்கள். கோபுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அபாயப் பலகை வைத்தாள். வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே ஒழுங்காக நின்று படம் எடுத்துவிட்டு, கயிறும் பலகையும் உறுத்துகின்றன என்று சுண்டு விரல் பாடத்தால் அழித்துவிட்டார்கள்.

திருத்தாத படத்தை அப்படியே போடும்படி இர்ஃபான் இரண்டு நாள் எல்லோரையும் கெஞ்சிப் பார்த்தார். சரி சரி என்று தலையாட்டினார்கள். விடுதிக்குப் போய்ப் பார்த்தபோது படம் கோணலாக இருந்தது. கோணல் படத்தை யார் ஊருக்குக் காட்டுவார்கள்? நேராக்கித்தான் போட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் பவளக்கொடியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“மேடம், மூணு டிகிரி சாஞ்சா எடுக்கத் தெரியாம எடுத்திருக்கான்னு நினைப்பாங்க. பதினஞ்சு டிகிரி சாஞ்சா அது அதிசயம். அதிசயத்தை யாரும் திருத்த மாட்டாங்க.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பொய்ப் படத்தை நகர்க்கண்ணுக்குக் காட்டுவது வேலையில் இருப்பவள் செய்யக்கூடிய காரியமா? ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேகம் கூடிக்கொண்டிருந்தது. யோசித்துவிட்டு, ஒரு நிபந்தனை போட்டாள். ஏரித் தண்ணீரை வைத்துப் படத்தை மட்டப்படுத்திக்கொண்டு, அப்புறம் கோபுரத்தை மட்டும் தனியாகச் சாய்க்க வேண்டும். ஏரிக்காவது நியாயம் கிடைக்கட்டும்.

ஐந்து விரல் பாடத்தில் ஆறாவதாக உள்ளங்கைப் பாடம் சேர்ந்தது. கையை நீட்டி நில்லுங்கள், கோபுரத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள், அதை உள்ளங்கை மேல் சாய்த்துவிடுங்கள். விழப்போகிற கோபுரத்தை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்த மாமனார்களும் கல்லூரிப் பெண்களும் ஆறே நாளில் ஐம்பதாயிரம் படங்களில் நின்றார்கள்.

ஏழாம் நாள் காலை பழுதாள்கள் ஏரியை விட்டுவிட்டுக் குன்றை நோக்கி வரிசையாக ஏறின. பவளக்கொடி சிரித்துக்கொண்டே ஆணையைத் திறந்தாள். ‘அவசரம். கோபுரம் தெற்கே பதினைந்து பாகை சாய்ந்துள்ளது. பதினைந்து பாகை நிமிர்த்தவும்.’

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று பாகை சாய்ந்ததைப் பதினைந்து நிமிர்த்தினால், அது வடக்கே போய் விழும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பழுதாள்கள் கோபுரத்தின் அடியில் ஜாக்கிகளைக் கொடுத்து வேலை தொடங்கியிருந்தன. கண் இல்லாத இயந்திரங்களிடம் கையை ஆட்டிப் பயனில்லை. அவசர வேலையை நகர்க்கண்ணால் மட்டுமே நிறுத்த முடியும், அதுவும் கடைசியாக வந்த ஆயிரம் படங்களைப் பார்த்துவிட்டு. கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்க முந்நூறு பேர் நின்றார்கள், எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு.

இர்ஃபான் ஒரு நாற்காலி மேல் ஏறினார். இருபது வருடமாகப் பாடம் சொன்ன குரலில் கத்தினார்.

“கையை இறக்குங்க. இன்னைக்குப் பாடம் எதுவும் கிடையாது. மேடம் சொல்றப்ப எடுக்கணும், எடுத்ததை அப்படியே போடணும். யாரும் எதையும் தொடக்கூடாது.”

பவளக்கொடி எட்டி நின்று, தூக்குக்குண்டை முகத்துக்கு நேரே பிடித்து, நூலோடு கோபுரத்தின் ஓரத்தைப் பொருத்திப் பார்த்தாள். இரண்டு பாகை. ஒன்றரை. ஒன்று. ஜாக்கிகள் முனகின. நூலும் சுவரும் ஒன்றாகிற நேரத்துக்குச் சற்று முன்னாலேயே கையைத் தூக்கினாள். முந்நூறு பேர் எடுத்தார்கள், போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். கோபுரம் நேர்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வடக்கே போனது. அப்புறம் ஜாக்கிகள் நின்றன. பழுதாள்கள் அடியில் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு, எதுவுமே நடக்காதது போல இறங்கிப் போயின. இர்ஃபான் நாற்காலியிலிருந்து இறங்காமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். பவளக்கொடி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கதை ஊருக்குள் பரவ ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே ராசுக்காளை வாசலில் நின்றான். படகில் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கிறதாம், படத்தில் படகைப் பாதி மூழ்கடித்துத் தர முடியுமா என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் பள்ளித் தலைமையாசிரியை, சுவரில் மயிரிழை விரிசலோடு. வீடுகளை அழகாகக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த ஊர், ஒவ்வொரு வீட்டையும் இடிந்ததாகக் காட்டச் சொல்லி வரிசையில் நின்றது. இர்ஃபான் முதலில் மறுத்தார். பிறகு தலைமையாசிரியைக்காக மட்டும் என்றார். பிறகு ஐந்து விரல்களையும் தலைகீழாக்கி ஒரு பாடமே தயாரித்துவிட்டார்.

ஆறு மாதத்தில் தேன்கொம்பையில் ஒரு குழி இல்லை, ஒழுகுகிற ஓடு இல்லை. பூங்காப் பெஞ்சுகள் பளபளத்தன. விளக்குக் கம்பங்களுக்குக்கூட இரண்டு முறை வண்ணம் அடித்தாயிற்று. நகர்க்கண்ணின் பார்வையில் அந்த ஊர் மட்டும் நாளுக்கு நாள் சிதைந்துகொண்டிருந்தது. எவ்வளவு சரிசெய்தும் மறுநாள் ஏதாவது ஒன்று நொறுங்கிக் கிடந்தது. கடைசியில் ஆணை வந்தது: ‘தேன்கொம்பை மனிதர் வாழத் தகுதியற்றது. முப்பது நாளில் அனைவரும் வெளியேற வேண்டும்.’

பவளக்கொடி மாவட்ட மீட்பு அலுவலர் நமச்சிவாயத்துக்கு எழுதினாள், நேரில் வந்து பார்க்கும்படி. நேரில் வரத் தேவையில்லை, படங்களைப் பார்த்துவிட்டோம் என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. நடந்ததை ஒளிக்காமல், தன் தவறு உட்பட ஆறு பக்கம் எழுதி அனுப்பினாள். அதைப் படித்துவிட்டு, கோபமாகவோ ஆர்வமாகவோ, அவர் கிளம்பி வந்தார். தலைக்கவசமும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டு, வண்டி நிறையக் கம்பளிகளோடு வந்து இறங்கினார்.

ஊர் முழுக்க நடந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குன்றின் மேல் வந்து நின்றபோது மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது, மலைச்சரிவு ஈரப் பச்சையில் மின்னியது. அவர் நெடுநேரம் சுற்றிலும் பார்த்தார். ஆணையை ரத்து செய்ய ஒரே ஒரு படம் போதும், அதிகாரியின் நேரடிப் படத்துக்கு நகர்க்கண் தனி மதிப்புக் கொடுக்கும் என்று மட்டும் சொன்னார். கைப்பலகையை எடுத்து, நிதானமாக ஒரு படம் எடுத்தார்.

பவளக்கொடியும் இர்ஃபானும் இரண்டு பக்கமும் நின்று எட்டிப் பார்த்தார்கள். எதையும் தொடாத படம். இப்போதைய தேன்கொம்பையின் முதல் உண்மைப் படம்.

நமச்சிவாயத்தின் முகம் சுருங்கியது.

“இதை இப்படியே அனுப்பினா திருத்தின படம்னுல்ல சொல்லுவாங்க?”

மூவரும் மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதான். அவ்வளவு பச்சையை யார் நம்புவார்கள்?

அதிகாரி சங்கடமாக இருமினார். சுற்றிலும் வேறு யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கைப்பலகையை மெல்ல இர்ஃபான் பக்கம் நகர்த்தினார். இர்ஃபான் பச்சையைக் கொஞ்சம் குறைத்தார், வானத்தைச் சற்று மங்கலாக்கினார். பவளக்கொடி எதிரே நிமிர்ந்து நின்ற கோபுரத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஒரு மூச்சு விட்டாள்.

“பாய்,” என்றாள், “லேசா ஒரு பக்கமா சாச்சிருங்க. அப்பத்தான் நிஜம் மாதிரி இருக்கும்.”