பழைய மீனுக்கு வழி தெரியும்

“நானா சார் கொன்னேன்? ஒரே சாயல்ல ரெண்டு வேணாம், இது ஆப்பிரிக்கா மீனு, பொல்லாதது, பழசு புதுச அண்ட விடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டீங்களா?”

“ஒத்துப்போகும்னு நீதானேப்பா குடுத்தே?”

“நல்லாருக்கே கதை! அதே நீலந்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நானா? சரி, உள்ள விடுறதுக்கு முன்னாடி கல்லக் கலைச்சுப் போடச் சொன்னேனே?”

“கலைச்சுத்தான் போட்டேன். திருச்சி ஆடிட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்து நிக்கறேன். பாரு, கல்லெல்லாம் பழையபடி இருக்கு!”

அடுக்களையில் ஸ்டவ்வில் பாலை ஏற்றிக்கொண்டிருந்த ஸ்யாமளாவின் கை நின்றது. கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவள் புருஷன் வெங்கட்ரமணனும், காளவாசலில் மீன் கடை வைத்திருக்கும் நல்லகாமனும். மெட்ராஸிலிருந்து ஆப்பிரிக்க மீன் தருவித்து விற்பவன் அவன். தீனி கொடுக்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான்தான் அத்திம்பேர். நேத்திக்கு எடுத்து வெச்சேன். அக்கா வெச்ச மாதிரி இருந்தா லட்சணமா இருக்குமேன்னு...”

அக்கா விஜயம் காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் இடத்துக்கு ஸ்யாமளாவைக் கட்டிக் கொடுத்தார்கள். தாலி ஏறி மூன்று மாசம் ஆகியும், அக்கா புருஷனாக இருந்தபோது கூப்பிட்ட ‘அத்திம்பேர்’ என்ற வார்த்தை நாக்கை விட்டுப் போகவில்லை. மீன் தொட்டியும் அக்காவுடையதுதான்.

கிண்ணத்தில் செத்த மீன் கிடந்தது. வால் இல்லை. ஒரு கண்ணும் இல்லை. தொட்டிக்குள் அதே நீலத்தில் இன்னொன்று கல் பொந்தின் வாயில் அசையாமல் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லகாமன் குரலைத் தணித்தான். “கல்லக் கலைச்சா பழசுக்குத் தன் எடம் எதுன்னு தெரியாதும்மா. முட்டி மோதிக்கிட்டுத் திரியும். அந்தக் கிறுக்குல புதுசக் கண்டுக்காது. நீங்க எடுத்து வச்சதும் அது நேரா தன் பொந்துக்குப் போயிருச்சு. அப்புறம் புதுசுக்கு ஏது எடம்?”

முட்டி மோதிக்கொண்டு.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சத்தம் வரும். கிணற்றடிப் பக்கமிருந்து யாரோ இருட்டில் நடந்து வந்து பீரோவில் கால் இடித்துக்கொள்வது போல, பிறகு உள்ளங்கையால் சுவரை வரட்வரட்டென்று தடவிக்கொண்டே போவது போல, கூடவே அக்கா கடைசி நாளில் குடித்த கீழாநெல்லிச் சாற்றின் பச்சை வாசனையும். அவரிடம் சொன்னபோதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் வீட்டையே புரட்டிப் போட்டிருந்தார். படுக்கையறைக் கிழக்கு ஜன்னலடியில் கிடந்த தேக்குக் கட்டிலைக் காற்றே வராத பின்னறைக்கு, பீரோவைக் கொல்லைப் பக்க நடைக்குக் குறுக்கே. ஏன் என்று அவள் கேட்கவில்லை. புழுக்கம்தான் தாங்கவில்லை. இன்று மத்தியானம் கைவண்டிக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே மாற்றியிருந்தாள். சிமெண்டுத் தரையில் கட்டில் கால் தடம் நாலும் அப்படியே இருந்தன. கச்சிதமாகப் பொருந்தின.

“அத்திம்பேர்... கட்டிலையும்...”

வெங்கட்ரமணன் தோள்பையை நழுவ விட்டார்.

“எதுக்குடி தொட்டே?”

“நீங்க எதுக்கு மாத்தினேள்?”

அவர் ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்குவதைப் பார்த்தார். “நல்லகாமா, சைக்கிளை எடு. விளக்கு வைக்கறதுக்குள்ளே எல்லாத்தையும் மாத்தியாகணும், வண்டிக்காராளைக் கூட்டிண்டு வந்துடலாம். ஸ்யாமளா, வாசல்லயே நில்லு. உள்ளே போகாதே.”

அவள் வாசலிலேயேதான் நின்றாள். திருமங்கலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதிர்வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். அப்புறம் பால் பொங்கித் தீய்கிற நாற்றம் வந்தது. பால் தீய்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சொல்வாள். ஓடினாள். ஸ்டவ்வை அணைத்தாள்.

கரெண்ட் போனது.

தொட்டியின் ஏர் பம்ப் நின்றது. அது நிற்கும்வரை அப்படி ஒரு சத்தம் வீட்டில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்ததே அவளுக்குத் தெரியாது. இப்போது எல்லாமே கேட்டது. தண்ணீரில் கடைசிக் குமிழி உடைந்தது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியது. ஈரக் கால் தரையில் ஒட்டி, எடுத்து, ஒட்டி வந்தது.

கீழாநெல்லி வாசனை.

அடுக்களை வாசலைக் கடந்தது. அவள் மூச்சை அடக்கினாள். இடிக்கவில்லை. சுவரைத் தடவவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியது. நேராகப் போனது.

கட்டில் கிறீச்சிட்டது.

ஒரு பெருமூச்சு. வெகு நாள் அலைந்து வந்து உட்கார்ந்தவளின் பெருமூச்சு.

வாசலில் டார்ச் வெளிச்சம். “ஸ்யாமளா!”

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது.

“இங்கேதான் இருக்கேன்னா.”

அக்காவுக்கும் அவளுக்கும் அம்மாவுக்கே வித்தியாசம் பிடிபடாத ஒரே குரல். ஸ்யாமளா கூடத்துக்கு ஓடி அவருக்கு முன்னால் நின்றாள். டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. சுவரில் பட்டது போல நகர்ந்து போனது.

“அத்திம்பேர்! இதோ நான்! அத்திம்பேர்!”

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அவள் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் போனார். குளிர்ந்தது.

“பயந்தே போயிட்டேன்டி,” உள்ளே அவர் குரல் தழுதழுத்தது. “இன்னிக்குத்தான் உன் வாயில ‘அத்திம்பேர்’ போய் ‘ன்னா’ வந்திருக்கு.”

“கட்டிலை நகத்த வேண்டாம்னா. காத்து நன்னா வரது.”

வாசலில் வண்டிக்காரர் ஒருவர் சிரித்தார். “மத்தியானம் இங்கிட்டு, பொழுது சாஞ்சா அங்கிட்டு. இப்ப வேணாமாம். வாடா போவோம்.”

நல்லகாமன் மட்டும் படியில் நின்று தொட்டியையே பார்த்தான். பிறகு அவனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

கரெண்ட் வந்தது. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் அவர் உட்கார்ந்து, ஸ்யாமளா கட்டியிருந்த அதே அரக்குப் புடவையிலிருந்த ஒருத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே அவள் முகம். மஞ்சள் பாரித்த இரண்டு கண்கள். அவை ஸ்யாமளாவை மட்டும் பார்த்தன. இமைக்கவில்லை.

மெதுவாக ஒரு கை நீண்டு கதவைச் சாத்தியது.

கட்டில் இன்னும் அந்த ஜன்னலடியில்தான் கிடக்கிறது. ஸ்யாமளா கூடத்தில்தான் நிற்கிறாள். இனி கட்டிலை நகர்த்தினால் அவளுக்கு இடம் கிடைக்குமா, இருக்கிற இடமும் போய்விடுமா? இந்த மாதிரி மீன் வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.