சொன்னதைச் செய்த சுவர்

மைனாவுக்குப் பள்ளியில் வேறு பெயர் உண்டு. ஆனால் காலையில் கண் விழித்ததிலிருந்து ஓயாமல் வாயாடிக்கொண்டிருக்கும் பெண்ணை வீட்டில் யார் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவள் பாடம்கூட உரக்கத்தான் படிப்பாள். மனசுக்குள் படித்தால் மனசில் நிற்காதாம்.

அன்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. மின்சாரம் போய்விட்டது. அம்மா துணிக்கடையிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருந்தது. கட்டிலில் அண்ணன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தான் தங்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

மைனா ஜன்னல் வெளிச்சத்தில் இங்கிலீஷ் புத்தகத்தை விரித்தாள். மறுநாள் வெர்ப் பரீட்சை. போன பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி நாம் பேச வேண்டாம், அவள் கோபித்துக்கொள்வாள்.

"வினைச்சொல் எல்லாம் ஒரே வகை இல்லை" என்று டீச்சர் சொல்லியிருந்தார். "ஜம்ப், கிளாப் மாதிரி சிலதைச் செஞ்சு காட்டலாம். அது ஆக்‌ஷன் வெர்ப். வான்ட், நீட், ஃபீல் மாதிரி சிலது உள்ளுக்குள்ளேயே நடக்கும். வெளியே தெரியாது, நாமதான் புரிஞ்சுக்கணும். அப்புறம் ஹெல்ப்பிங் வெர்ப். கேன், வில் எல்லாம் தனியா நின்னா ஒண்ணும் ஆகாது. இன்னொரு வெர்ப்புக்குத் துணையா வரும்."

மைனா உடனே கையைத் தூக்கினாள். "டீச்சர், ஸ்லீப்னா சும்மாதானே படுத்திருக்கோம்? அது எப்படி ஆக்‌ஷன்?" வகுப்பே சிரித்தது. அண்ணனைத் தினமும் பார்க்கிறவளுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா?

அவளுடைய மேஜை சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், அதே மாடியில், பக்கத்து வீடு. அங்கே இருந்தவர்கள் காலி செய்து பல மாதங்கள் ஆகிவிட்டன. கதவில் எப்போதும் பூட்டுதான் தொங்கும்.

"ஜம்ப்!" என்று படித்தாள் மைனா.

சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஏதோ சத்தம்.

மழையில் எது எங்கே விழுந்ததோ. அவள் அடுத்ததைப் படித்தாள்.

"கிளாப்!"

யாரோ கை தட்டுவது கேட்டது. மெல்லிய சத்தம்தான். ஆனால் கை தட்டும் சத்தமேதான்.

மைனா புத்தகத்தில் அடுத்த சொல்லைப் பார்த்தாள். அதைப் படிக்காமல் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மைனாவின் வாய் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"நாக்" என்றாள் மெதுவாக.

டொக், டொக், டொக்.

"அண்ணா!"

"என்னடி?"

"சுவர்... நான் சொல்றதைச் செய்யுது."

அண்ணன் கொட்டாவி விட்டான். "நான் சொல்றதை நீ செய்ய மாட்டேங்கிற, நீ சொன்னா சுவர் செய்யுதா? எலியா இருக்கும்."

"எலி கை தட்டுமா?"

அண்ணன் எழுந்து வந்து சுவர் பக்கத்தில் நின்றான். பயம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன் அவன். "யாருய்யா உள்ளே? தைரியம் இருந்தா தட்டு பாப்போம்!" என்று அதட்டினான்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. போய்ப் படி."

"நாக்" என்றாள் மைனா.

டொக், டொக், டொக். சரியாக அண்ணன் நின்ற இடத்துக்கு நேராக.

அண்ணன் எப்படிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. அடுத்த நொடி தலையணையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அதுக்குத் தமிழ் தெரியல. இங்கிலீஷ் மட்டும் தெரியுது" என்றான். "இது... இது வெளியூர்ப் பேய்."

சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஏதோ சொற்கள் போலவும் இருந்தது, சொற்கள் இல்லை போலவும் இருந்தது. பிறகு நகத்தால் சுவரைப் பிறாண்டும் சத்தம். மெல்ல மெல்ல, கீழிருந்து மேலே ஏறியது.

"ஸ்டாப்!" என்று மைனா கத்தினாள்.

சத்தம் நின்றது. பிறாண்டல் இல்லை, முனகல் இல்லை. இவ்வளவு சொன்ன பேச்சு கேட்கும் பேயா?

நின்றது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பது போல இருந்தது.

"அதுகிட்ட பேசாதே. வா, அம்மா வர்ற வரைக்கும் படிக்கட்டுல நிப்போம்" என்றான் அண்ணன்.

மைனா போகவில்லை. பயம் இருந்தது, ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்துகொண்டு அவளை நகரவிடவில்லை. புத்தகத்தில் விரலை வைத்துத் தொடர்ந்து படித்தாள்.

"வான்ட்... நீட்... ஃபீல்..."

எந்தச் சத்தமும் வரவில்லை. டீச்சர் சொன்னது சரிதான், இதையெல்லாம் செய்து காட்ட முடியாது. பேயாலும் முடியாது போலிருக்கிறது.

அவள் மறுபடி செய்து காட்டும் சொற்களின் பட்டியலுக்கு வந்தாள். "க்ரை" என்று படித்தாள்.

சுவர் அழுதது.

முதலில் மெல்லிய கேவல். பிறகு அது பெரிதாகி, நடுங்கி, உடைந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "ஸ்டாப்! ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினான்.

இந்த முறை அது உடனே நிற்கவில்லை. நிறுத்தப் பார்த்தது. ஒரு விக்கல், கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரு விக்கல். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அப்படியும் அடக்க முடியாமல் வரும் அழுகை.

அந்தச் சத்தம் மைனாவுக்கு நன்றாகத் தெரியும். போன பரீட்சைத் தாளை வாங்கிய அன்று, போர்வைக்குள் அவளே அப்படித்தான் அழுதாள்.

"அண்ணா, பேய் எதுக்கு வாயைப் பொத்திக்கிட்டு அழணும்?"

"அதை அதுகிட்டயே கேளு!"

கேட்கலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது? அதற்குத் தெரிந்தது செய்து காட்டும் சொற்கள் மட்டும்தான். மைனா நாற்காலியை நகர்த்திவிட்டுச் சுவரில் காதை வைத்தாள். சுவர் சில்லென்று இருந்தது.

"புஷ்" என்றாள்.

மரம் கிரீச்சிட்டது.

"புல்."

ஏதோ லொடலொடவென்று ஆடியது. தாழ்ப்பாள். கதவு! அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது.

மைனா சுவரோடு இன்னும் நெருங்கி நின்றாள். அடுத்த சொல் பட்டியலில் இல்லை. அவளாகவே சொன்னாள்.

"ஓப்பன்."

லொடலொட. லொடலொட. ஒரு உதை. இன்னொரு உதை. மறுபடி லொடலொட. பிறகு தரையில் பொத்தென்று உட்காரும் சத்தம். பிறகு அந்த அழுகை, இப்போது வாயைப் பொத்தாமலே.

குதி என்றால் குதித்தது, தட்டு என்றால் தட்டியது. திற என்றால் மட்டும் அதனால் முடியவில்லை.

"அண்ணா, அது பேய் இல்ல" என்றாள் மைனா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பேய்க்குக் கதவு எதுக்கு? சுவர் வழியாவே வந்துடாதா? அங்கே யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க. உதவிக்குத்தான் தட்டியிருக்காங்க. நான் ஸ்டாப்னு சொல்லி நிறுத்திட்டேன்."

அதைச் சொன்னபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கண் கலங்கியது. ஆனால் அழுவதற்கு இது நேரமில்லை. சுவரில் வாயை வைத்து, டீச்சரின் துணை வினைகளில் ஒன்றைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, முடிந்தமட்டும் உரக்கக் கத்தினாள்.

"ஐ வில் ஓப்பன்! ஐ வில் கம்!"

பிறகு புத்தகத்தை அண்ணன் மடியில் போட்டாள். "நீ படிச்சுக்கிட்டே இரு. குரல் கேட்டா அவங்களுக்குத் தைரியமா இருக்கும். ஸ்டாப்னு மட்டும் சொல்லிடாதே."

"நான் தனியாவா?"

"நீ தனியா இல்ல. அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காங்க."

அது அவனுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. ஆனாலும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் நகர்ந்தான். நாம் அவனைக் கேலி செய்தது போதும்.

மைனா இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள். கீழே தன் அறையில் வாட்ச்மேன் மாமா ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பக்கத்து வீட்டுச் சாவி வேணும். உள்ளே ஒருத்தர் மாட்டிக்கிட்டாங்க."

"அது காலி வீடும்மா. காலையிலிருந்து நான்தான் டூட்டி. ஒரு ஈ காக்கா உள்ளே போகல."

"ராத்திரி டூட்டியில வேற மாமாதானே இருந்தாரு? அவரு திறந்து விட்டிருக்கலாமே?"

வாட்ச்மேன் மாமா வாளியைப் பார்த்தார், மைனாவைப் பார்த்தார். "பூட்டின வீட்டை நான் திறந்தேன்னா என் வேலை போயிடும் பாப்பா."

"திறக்க வேணாம். வந்து கேளுங்க, போதும்."

முனகிக்கொண்டே ஏறி வந்தார். பூட்டிய கதவின் முன் நின்று மைனா கத்தினாள். "கிளாப்!"

உள்ளே, எங்கோ தூரத்தில், இருட்டில் ஒரு ஜோடிக் கை தட்டியது.

வாட்ச்மேன் மாமாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "ஆத்தாடி!" என்றார். ஓடிப்போய் மாற்றுச் சாவியையும் டார்ச்சையும் கொண்டுவந்தார்.

கதவு திறந்தது. வீட்டுக்குள் ஈரமும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை. டார்ச் வெளிச்சம் வெறும் தரையில் ஓடியது. ஒரு பெட்டி. சுருட்டி வைத்த ஒரு மெத்தை. அதன் பக்கத்தில், உள்ளங்கை நீளத்தில் இரண்டு செருப்புகள்.

அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. "ஈட்... ரீட்... ஸ்லீப்... ஸ்லீப்..."

வாட்ச்மேன் மாமா மைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அது யாரு?"

"எங்க அண்ணன், மாமா."

சுவரை ஒட்டி ஒரு சின்னச் சாமான் அறை இருந்தது. மழையில் மரக்கதவு உப்பிப்போய்ச் சட்டத்தோடு இறுகியிருந்தது. வாட்ச்மேன் மாமா தோளால் முட்டினார். மைனாவும் முட்டினாள். மூன்றாவது முட்டில் கதவு விட்டுக்கொடுத்தது.

உள்ளே ஒரு பையன். ஐந்து வயதுதான் இருக்கும். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு. டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மைனா "கம்" என்று சொன்னதுதான் தாமதம், அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவனுடைய உடம்பு முழுக்க நடுங்கியது. மைனா அவனை விடவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய அம்மா தெப்பலாக நனைந்து ஓடிவந்தாள். திறந்த கதவைப் பார்த்து முதலில் பதறிப்போனாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெகு தூரத்து ஊர், வேறு பாஷை. இங்கே வேலைக்கு வந்து ஒரு வருஷத்தில் தட்டுத்தடுமாறித் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரிதான் பையனைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குக் குடிவந்தாளாம்.

"பால் வாங்க மட்டும் மார்க்கெட்டுக்குப் போனேன். உடனே வந்துடலாம்னு வெளியே பூட்டினேன். ரோடு முழுக்கத் தண்ணி, பஸ் நகரவே இல்ல" என்று சொல்லி, பையனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

பையன் அவள் காதில் ஏதோ வேகவேகமாகச் சொன்னான். சொல்லும்போது மைனாவைப் பார்த்துப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொல்றான், ஆன்ட்டி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொற்களைத் தேடினாள். "அவன் ஊர்ல குட்டிப் பசங்க ஸ்கூல்ல கொஞ்சம் இங்கிலீஷ் படிச்சான். விளையாட்டா அந்தச் சின்ன அறைக்குள்ள போய் மாட்டிக்கிட்டப்ப ரொம்பக் கத்தினானாம், யாரும் வரல. அப்புறம் உன் குரல் கேட்டுதாம். நீ சொல்றதை எல்லாம் சரியாச் செஞ்சா கதவு திறந்துடும்னு நினைச்சானாம்."

மைனாவுக்குப் பேச்சு வரவில்லை. அது எவ்வளவு அபூர்வம் என்று வாசலில் புத்தகத்தோடு நின்ற அண்ணனுக்குத் தெரியும்.

"எல்லாம் செஞ்சானாம். ஓப்பன் மட்டும் எவ்வளவு முயற்சி பண்ணியும் செய்ய முடியலையாம்" என்றாள் அவனுடைய அம்மா. "அதுக்கு உன்கிட்ட சாரி சொல்லச் சொல்றான்."

மைனா தரையில் மண்டி போட்டு, சுண்ணாம்பு அப்பிய அந்தச் சின்னக் கைகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது நாங்க செய்ய வேண்டியதுன்னு சொல்லுங்க, ஆன்ட்டி" என்றாள். "செஞ்சுட்டோம்னும் சொல்லுங்க."