புதன் இரவுக்கு வைத்த பொட்டு

மக்டலீனின் சுட்டுவிரல் வழக்கம்போலப் பயணம் புறப்பட்டது. சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த ஒல்லாந்து வாய்க்கால் வரைபடத்தில், படகு எடுக்கும் துறையில் ஒட்டியிருந்த கல்லுப் பொட்டைத் தொட்டது. அங்கிருந்து கிழக்கே ஊர்ந்து ஞாயிறு இரவுக்கான பொட்டு, பிறகு திங்கள், பிறகு செவ்வாய். நீலக் கோட்டின் வழியே புதன் இரவைத் தேடிப் போன விரல் பொட்டையும் காணாமல், ஊரையும் காணாமல், வரைபடத்தைத் தாண்டி மேசை மரத்தில் விழுந்தது.

"றீற்றா, இஞ்ச வாம்மா. ஊரைக் காணேல்லை."

ஞாயிறு, மதியம் பன்னிரண்டரை. கனடாவில், மோர்னிங்சைட்டில் உள்ள அந்த வீட்டுக்குப் பூசைக்குப் போனவர்கள் அப்போதுதான் சேர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். றீற்றா ஓடிவந்து பார்த்தாள். வரைபடத்தின் கிழக்குப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு இல்லை. அதோடு லிண்டர்ஸ்லோட் என்ற சின்ன ஊரும் போய்விட்டது.

றீற்றா, மக்டலீனின் கணவர் பஸ்ரியனின் தங்கை. காப்புறுதிக் கம்பனியொன்றில் கள்ளக் கோரிக்கைகளைப் பிடிப்பது அவளுடைய தொழில். எரிந்த காரைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், அது தானாக எரிந்ததா, சொந்தக்காரர் சொல்லி எரிந்ததா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் இதுவரை பார்த்த கார் எதுவும் அவளுடைய மச்சாளைப்போல விறைத்து நின்றதில்லை.

லிண்டர்ஸ்லோட் இல்லாவிட்டால், ஆனி மாதம் குடும்பமாய்ப் படகில் போகவிருக்கும் அந்தப் பயணமே மக்டலீனுக்கு வேண்டியதில்லை. அவளுடைய ஒரே தம்பி அலெக்ஸாண்டர் முப்பது வருடங்களுக்கு முன்பு கனடாவுக்கு வரும் வழியில் ஒல்லாந்தில் காய்ச்சலாய் விழுந்தவன். எழும்பவில்லை. அந்த ஊர்ச் சவக்காலையில்தான் அடக்கம். அகதியாய் வந்த காலத்தில் போக முடியவில்லை. பிறகு பிள்ளை, வேலை, வீடு. இப்போது மக்டலீனின் கண் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலச் சுருங்கிவிட்டது. இந்த வருடம் முடிவதற்குள் அந்தக் குழாயும் அடைபட்டுவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனி மாதம் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்க்காவிட்டால் அவள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் விரலால் பார்க்கட்டும் என்று மருமகள் சுபாங்கி, தங்கும் ஊர்களில் கல்லுப் பொட்டு ஒட்டிக் கொடுத்திருந்தாள். துணி ஒட்டிய அந்தப் பழைய வரைபடத்தை இணையத்தில் தேடி வாங்கியவளும் அவள்தான்.

வாய்க்கால் பயணத்தில் படகு ஓட்டுவது சின்ன வேலை. இரவில் எங்கே கட்டுவது என்பதுதான் பெரிய வேலை. மாசி மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேசையில் அந்தச் சண்டைதான். ஓர் ஊரில் பாலம் திறக்கிறவர் மத்தியானம் சாப்பிடப் போய்விடுவாராம். இன்னோர் ஊரில் கரையில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் ரைஸ் குக்கர் இல்லை. ரைஸ் குக்கர் இல்லையென்றால் பஸ்ரியன் இல்லை. படகின் நீளத்தை அளந்து மீற்றருக்கு இவ்வளவு என்று கட்டுகூலி வாங்குவார்கள் என்று மகன் மாக்கஸ் வாசித்துச் சொன்னபோது பஸ்ரியன் துள்ளி எழும்பினார்.

"மீற்றர் கணக்கோ? உவங்கள் படகு கட்ட விடுறாங்களோ, சாரிப் பிளவுஸ் துணி விக்கிறாங்களோ? மூக்கை மட்டும் கட்டினா எவ்வளவு எண்டு கேள்."

அவர் யாழ்ப்பாணத்தில் தகப்பனின் துணிக்கடையில் வளர்ந்தவர். ஸ்காபரோவில் சொந்தமாய் ஒரு துணிக்கடை நடத்தி, போன வருடம்தான் கதவைச் சாத்தியவர். படகுக்காரனோடும் அவரே பேசினார். விலையைக் கேட்டதும் "கூட" என்றார், தொலைபேசியை வைத்துவிட்டார். "இருந்து பாருங்கோ. கடைப்படியால இறங்கி நடந்தா ஆள் பின்னால வரும்." வந்தது. மறுநாள் படகுக்காரன் அழைத்து நாலு சைக்கிளைச் சும்மா தருவதாய்ச் சொன்னான். பஸ்ரியனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. ஆனாலும் வெற்றி வெற்றிதான்.

அப்படியான மேசையில், புதன் இரவு லிண்டர்ஸ்லோட்டில் நிற்போமா என்று மக்டலீன் கேட்டபோது மாக்கஸ் ஒரு நாள் வீணாகும் என்றான். சுபாங்கி, லீவில் போய்ச் சவக்காலைக்குப் பக்கத்தில் எப்படிப் படுப்பது என்றாள். பஸ்ரியன் மட்டும், "ஓம், நிப்பம்" என்றார். அதோடு கதை முடிந்தது. எல்லோருக்கும் நெஞ்சு இளகிவிட்டது, றீற்றாவுக்கும்தான்.

இப்போது றீற்றா கிழிந்த ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். மேல் விளிம்பில் நகத்தளவுக்குக் கத்தரிக்கோல் வெட்டு. அதிலிருந்து கீழ்வரை கோடு போட்டதுபோல நேராக இறங்கிய கிழிசல். ஓரம் முழுக்க வெள்ளை நூல்கள் தொங்கின.

"காலமை கடைசியாத் தொட்டது ஆர்?"

"நான்தான். பூசைக்கு வெளிக்கிட முந்தித் தடவிப் பாத்தனான். இருந்தது" என்றாள் மக்டலீன்.

"பூசை நேரம் வீட்டில ஆர்?"

 முகங்களெல்லாம் ஒரே பக்கம் திரும்பின. சுபாங்கி சைவ சமயக்காரி, பூசைக்கு வருவதில்லை. கணவனோடு விட்பியிலிருந்து காலையிலேயே வந்து, மதியச் சமையலைப் பொறுப்பெடுத்திருந்தாள்.

"நான் பேஸ்மென்றில கருவாடு பொரிச்சனான் மாமி. அந்த ஃபானைப் போட்டா மேல இடி விழுந்தாலும் கேக்காது."

"மேல வரவே இல்லையோ?"

"கருவாட்டை விட்டிட்டு வந்தா கரிதான் மிஞ்சும்."

மாக்கஸ் தலையைச் சொறிந்தான். "சுபா, நீதானே சவக்காலைக்குக் கிட்டப் படுக்க ஏலாது எண்டனி? கோபத்தில எண்டாலும் பரவாயில்லை, சொல்லு. இட்ஸ் ஓகே."

"என்ன இட்ஸ் ஓகே? நீங்களும்தான் ஒரு நாள் வேஸ்ற் எண்டனீங்கள். பொட்டு ஒட்டினவளே கிழிப்பாளோ?"

"நான் சேர்ச்சில அம்மாக்குப் பக்கத்தில இருந்தனான்."

"அப்ப நான்தான். எழுதி வையுங்கோ."

பஸ்ரியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விடுங்கோ பிள்ளையள். கிழிஞ்சது கிழிஞ்சு போச்சு. செவ்வாய் நிக்கிற ஊரிலயே புதனும் நிப்பம். கரண்டும் இருக்கு."

மக்டலீன் மருமகள் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினாள். "பிள்ளை, நீ எண்டா சொல்லன். நான் ஏசமாட்டன்."

ஏசியிருந்தால் சுபாங்கி திருப்பிக் கதைத்திருப்பாள். ஏசமாட்டேன் என்றதும் அவளுடைய கண் நிறைந்துவிட்டது. கைப்பையை எடுத்தாள். "நான் விட்பிக்குப் போறன். கருவாடு கீழ இருக்கு, சாப்பிடுங்கோ."

றீற்றா கராஜுக்குப் போனாள். கருவாடு பொரிக்கிற நாளில் குளிர் ஜக்கெற்றுகளை வீட்டுக்குள் விடுவதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒருமுறை மணம் ஏறினால் பங்குனி முடியும்வரை பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகவே இருக்கும். பூசையால் வந்த நாலு பேரும் கராஜிலேயே கழற்றிக் கொழுவியிருந்தார்கள். றீற்றா ஒவ்வொன்றாய் மூக்கில் பிடித்தாள். மாக்கஸின் ஜக்கெற்றில் வாசனைத் தண்ணி. மக்டலீனுடையதில் சாம்பிராணி. அவளுடையதிலும் அதுதான். நாலாவதில் கருவாடு.

அவள் அதை இன்னொருமுறை மூக்கில் பிடித்தாள். பிரசங்கம் தொடங்கியதும் காரை மாற்றி விடவேண்டும் என்று எழும்பிப் போனவர் பூசை முடிவில் நன்மை அப்பம் கொடுக்கும் நேரம்தான் திரும்பி வந்து கடைசி வரிசையில் நின்றார். எப்போதும் தனிக் காரில் வருகிறவர். வீடும் கோவிலும் கூப்பிடு தூரம். இதை இங்கேயே கொழுவிவிட்டுப் போய், எனக்கொன்றும் தெரியவில்லை என்று சொல்லலாம். கம்பனியில் அப்படிச் செய்தால் வேலை போகும். இங்கே செய்தால் ஒரு பெட்டை அழுதுகொண்டு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவாள்.

அவள் உள்ளே போனபோது சுபாங்கி ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சுபா, சப்பாத்தைக் கழட்டு. நீ கிழிக்கேல்லை." றீற்றா மேசையருகே வந்தாள். "கத்தரிக்கோல் எடுத்த ஆள் கடைசிவரை வெட்டும். கோபத்தில கிழிக்கிற ஆள் கோணல்மாணலாக் கிழிக்கும். இது ரெண்டும் இல்லை. விளிம்பில ஒரு வெட்டு, பிறகு ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே இழுவை. நூல் போன வழியில நேராப் போயிருக்கு. துணி கிழிக்கிற கை. எங்கட அப்பாவின்ர கடையில நான் அந்தச் சத்தத்தோட வளந்தனான், அண்ணை."

பஸ்ரியன் சிரிக்கப் பார்த்தார். "துணிக்கடைக்காரன் எல்லாரும் கள்ளனோ? நான் சேர்ச்சில நிண்டனான்."

"ஜக்கெற் நிக்கேல்லையே. கருவாட்டு மணத்தோட கராஜில தூங்குது. நாங்கள் ஆரும் ஜக்கெற்றோட உள்ளுக்கு வரேல்லை. நீங்கள் பூசை நடுவில வந்திருக்கிறியள். கழட்ட நேரமில்லை."

"டாட்?" என்றான் மாக்கஸ்.

"எனக்கு ஆரெண்டு விளங்கிச்சுது, ஏனெண்டு விளங்கேல்லை" என்றாள் றீற்றா. "பிறகு ஒண்டு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் மல்லுக்கட்டினியள். பாலத்துக்கு, கரண்டுக்கு, மீற்றருக்கு. கோவிலில மெழுகுதிரி வாங்கினாலும் மூண்டுக்கு நாலு கேக்கிற மனிசன், லிண்டர்ஸ்லோட்டுக்கு மட்டும் சொன்ன விலைக்கே ஓம் எண்டீங்கள். நாங்கள் பாசம் எண்டு நினைச்சம். கடையில அப்பிடி ஆர் செய்யிறது? வாங்கிற எண்ணமில்லாத ஆள். இல்லாட்டி பெட்டிக்குள்ள சாமான் இல்லை எண்டு தெரிஞ்ச ஆள். அண்ணை, அந்த ஊரில என்ன இல்லை?"

கீழே யாரோ அணைக்க மறந்த ஃபான் இரைந்துகொண்டிருந்தது.

பஸ்ரியன் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த துண்டை எடுத்து மேசையில் வைத்தார். கல்லுப் பொட்டு அதில் மினுங்கியது.

"நாளைக்குக் காலமை மாக்கஸ் அந்த ஊருக்கு ஃபோன் எடுத்துக் கல்லு எந்த வரிசையில எண்டு கேக்கிறன் எண்டவன். நம்பர் இந்த ஓரத்திலதான் அச்சடிச்சுக் கிடந்தது..."

"கூகிளில இருக்கிற ஊரைக் கிழிக்க ஏலாது, அண்ணை."

"தெரியும். கை கேக்கேல்லை." அவர் மனைவியைப் பார்க்காமல் பொட்டைப் பார்த்துப் பேசினார். "கல்லு இல்லை, மக்டலீன். அங்கை குழியைச் சும்மா தாறேல்லை, தவணைக்குத்தான். தவணை முடிய, சவக்காலையில இருந்து ஒருத்தி ஃபோன் எடுத்தாள். நல்ல மரியாதையான பிள்ளை. இன்னும் வைச்சிருக்கிறதெண்டா இவ்வளவு எண்டாள். நான் கூட எண்டன். 'ஐ அண்டர்ஸ்ராண்ட், சேர்' எண்டாள். நான் வைச்சிட்டன்."

"வைச்சிட்டு?"

"திருப்பி எடுப்பாள் எண்டு இருந்தன்."

எல்லோருக்கும் விளங்கியது. நாற்பது வருடமாய்ப் படியிறங்கிய வாடிக்கையாளரைக் கூப்பிட்டே பிழைத்த மனிதர். தான் படியிறங்கினால் கூப்பிடாத ஒரு கடை உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"கன நாள் பாத்திட்டு நானே எடுத்தன். கேட்டதைத் தாறன் எண்டன். 'நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னீங்கள் எண்டு நினைச்சம், சேர்' எண்டாள். எலும்பை எடுத்துப் பொதுவா ஒரு இடத்தில வைச்சாச்சாம். கல்லை உடைச்சாச்சாம். அந்தக் குழியில இப்ப வேற ஆள்."

மாக்கஸ் எழும்பினான், திரும்ப உட்கார்ந்தான். சுபாங்கி ஒற்றைச் சப்பாத்தோடு வந்து மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். றீற்றாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காணாமற்போனதற்கு ஈடு எவ்வளவு என்று அறிக்கையின் அடியில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள் அவள். இதற்கு எதை எழுதுவது?

மக்டலீன் துண்டை எடுத்து வரைபடத்தோடு ஓரம் பொருத்தி வைத்தாள். விரல் செவ்வாயிலிருந்து புறப்பட்டு, நூல் தொங்கிய கிழிசலில் ஒருமுறை தடக்கி, லிண்டர்ஸ்லோட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பொட்டின்மேல் நின்றது.

"இஞ்சருங்கோ."

"ம்."

"அந்தப் பிள்ளையை இன்னொருக்கா எடுங்கோ. இந்த முறை வைச்சிடாதேங்கோ." அவளுடைய குரலில் கோபம் துளியும் இல்லை, சந்தைக்குப் போகிற மனிதனுக்குச் சாமான் சொல்லி அனுப்புகிற குரல். "எவ்வளவு குடுத்தா அவனைத் திருப்பி அந்த இடத்தில வைப்பினம் எண்டு கேளுங்கோ. நீங்கள் கேட்டா ஆக்கள் இறங்கி வருவினம்தானே."

பஸ்ரியன் வாயைத் திறந்தார். எந்தச் சாமானுக்கும், எந்த ஊரிலும், எதிராளி சொல்லி முடிப்பதற்குள் ஒரு தொகை சொல்லிவிடுகிற வாய். அது திறந்தபடியே இருந்தது.