மூக்கு விட்டுப்போச்சு!

சனிக்கிழமை காலையில் பல் தேய்த்தோமா இல்லையா என்பதே பட்டாசுக்கு நினைவில்லை. சேவை மன்றம் கொடுத்த மஞ்சள் மேல்சட்டையை மட்டும் மறக்காமல் மாட்டியிருந்தாள். அது முழங்கால் வரை தொங்கியது.

பட்டாசு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். வாயைத் திறந்தால் சரம் முழுவதும் வெடித்துத் தீர்ந்தால்தான் ஓய்வாள்.

"சித்தி, சீக்கிரம் நடங்க! எல்லாரும் வந்து காத்துக்கிட்டு இருப்பாங்க!"

"மன்றக் கூடத்துச் சாவியே என் பையிலதான்டி இருக்கு" என்று சிரித்தாள் சித்தி. அவள்தான் மன்றத்தின் செயலாளர்.

பட்டாசு அன்றுதான் முதன்முதலாகத் தொண்டராகிறாள். வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய மூக்குக் கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டும். மாலையில் கண் பரிசோதகர் வருவார். பார்வை மங்கியவர்களைச் சோதித்து, பொருந்துவதைக் கொடுப்பார். தெருத் தெருவாக ஒட்டிய அறிவிப்புகளை எழுதியவள் பட்டாசு. பசை தடவியவன் அவளுடன் படிக்கும் நெட்டை.

கதவைத் திறந்ததுமே முதல் ஆள் வந்துவிட்டார். முடிதிருத்தும் கடைக்காரர். ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்.

"ஓரமா போ பாப்பா! எங்கே வைக்கட்டும்?"

நெட்டை வாயைப் பிளந்தான். "மாமா, இதை எப்படி மூக்குல மாட்டுறது?"

"மூக்குலயா? சுவத்துல மாட்டணும் தம்பி!"

அடுத்து ஓர் அம்மா முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடியோடு வந்தார். பைக் மெக்கானிக் ஒரு பை நிறையப் பக்கக் கண்ணாடிகளைக் கொட்டினார். ஒருவர் ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்தி வந்தார். மேசைமேல் இருந்த அட்டைப்பெட்டியில் மட்டும் ஒன்றுகூட விழவில்லை.

மன்றத் தலைவரான பல் டாக்டர் உள்ளே வந்து திகைத்து நின்றார். "எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கிறேனே! எனக்கே பயமா இருக்கு."

சித்தி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள்.

'உங்கள் வீட்டில் பயன்படாத கண்ணாடி இருக்கிறதா? சனிக்கிழமை கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறருக்கு உதவும்!'

"மூக்கு எங்கடி?"

பட்டாசு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"உன் மூக்கைக் கேக்கல. இதுல 'மூக்கு' எங்கே?"

"எழுத்து பெருசாயிடுச்சு சித்தி. இடம் பத்தல. கண்ணாடின்னா கண்ணுக்குத்தானே, மூக்கு எதுக்குன்னு எடுத்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பார்சல் கொண்டுவரும் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு பெட்டி இருந்தது.

"கண்ணாடி கொடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. பக்கத்துல வெச்சா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. நேத்து தப்பான வீட்டுல கொடுத்துத் திட்டு வாங்கினேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா வேலையே போயிடும்."

சிரிப்பு நின்றது.

"பரிசோதனையை அடுத்த மாசம் வெச்சுக்கலாமா?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார்.

பார்சல் அண்ணனின் முகம் வாடிவிட்டது. பட்டாசு விட்ட ஒரு வார்த்தையால் வந்த வினை! என்ன செய்வது என்று சுற்றிலும் பார்த்தாள். முடிதிருத்துபவர் வேர்வையைத் துடைக்கத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! நீங்க போட்டிருக்கிறது புதுசா?"

"ஆமா. போன வருஷம் மாத்தினேன்."

"அப்போ பழசு?"

"அது மேசை டிராயர்ல… அட!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பட்டாசு துள்ளிக் குதித்தாள். "சித்தி! அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தூக்கிட்டு வந்தவங்க, இத்தனூண்டு கண்ணாடியைத் தரமாட்டாங்களா?"

தப்பு தன்னுடையது என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். யாரும் கோபிக்கவில்லை. "இதோ எடுத்துட்டு வரேன்" என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். பட்டாசும் நெட்டையும் துண்டுத் தாள்களில் 'மூக்குக்' என்று எழுதி, பசை டப்பாவோடு தெருவில் பாய்ந்தார்கள். அறிவிப்புகளில் 'கண்ணாடி'க்கு மேலே ஒவ்வொன்றாக ஒட்டினார்கள்.

"மூக்கு விட்டுப்போச்சு! மூக்கு விட்டுப்போச்சு!"

மாடி ஜன்னல் திறந்தது. "யாரோட மூக்குடி?"

"எங்க மூக்குதான் அக்கா! பழைய மூக்குக் கண்ணாடி இருக்கா?"

"இரு, இரு, அப்பாவோடது ரெண்டு கிடக்கு!"

அவ்வளவுதான். சேதி காற்றாய்ப் பறந்தது. கறுப்பு, தங்க நிறம், ஒரு காது இல்லாதது என்று கண்ணாடிகள் பெட்டியில் டக் டக்கென்று விழுந்தன. நெட்டை எண்ண ஆரம்பித்து, பாதியில் குழம்பி, மறுபடி ஆரம்பித்தான்.

மாலையில் கண் பரிசோதகர் வந்தார். பட்டாசு பெரிய கண்ணாடிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தாள். வந்தவர்கள் போட்டுப் பார்த்து, தலையைச் சாய்த்து, அழகு பார்த்துக்கொண்டார்கள்.

பார்சல் அண்ணனுக்கு மூன்றாவதாகக் கொடுத்தது பொருந்தியது. முகத்தைப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை. கையிலிருந்த பெட்டியைத் தூக்கிப் படித்தார். உடனே கண்கள் அகன்றன.

"அட ராமா! இது இந்தக் கூடத்துக்கு வந்த பார்சல்! காலையிலேர்ந்து இதைத் தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறேன்!"

வயிறு வலிக்கச் சிரித்து முடித்ததும் டாக்டர் பட்டாசைக் கூப்பிட்டார்.

"இனிமே மாசாமாசம் நீங்க ரெண்டு பேரும் வரணும். அடுத்த மாசம் நூல் சேர்க்கிறோம். அறிவிப்பை நீயே எழுதிடு."

பட்டாசு ஆசையோடு பேனாவைத் திறந்தாள். ஒரு நொடி யோசித்தாள். மறுபடி மூடினாள்.

"இருங்க டாக்டர். படிக்கிற நூலா, தைக்கிற நூலா?"